ஒப்பிடுவதற்கு ஓர் ஆள்

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம், மேடம். விட்டுப் பல வருஷமாகிறது. கான்ஸ்டபிள் தம்பியால் மாற்றித் தர முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பாதகமில்லை. மேசை மேல் அப்படியே இருக்கட்டும்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் மாணிக்கவாசகம். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் முதுமையைப் பற்றிப் பேசுகிறவன் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் ஏட்டய்யா ஒருமுறை வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார், நன்றாகத் தூங்கினார், கடைசியில் கைதட்டவும் செய்தார். எனக்குக் கோபமில்லை. நான் பேசும் விஷயம் அப்படி. கிழவனாகாமல் இருக்க வழி உண்டா என்று கேட்டு ஓடி வருவார்கள், செல் என்று ஆரம்பித்ததும் கொட்டாவி விடுவார்கள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். கண்ணாயிரம் செத்துப்போனதற்கு அவர் அண்ணன் தினகரனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். தினகரன் கொடுத்த மாத்திரைதான் தம்பியைக் கொன்றது என்று நீங்களே சொன்னதாகத் தெரு முழுக்கப் பேச்சு. அது தவறான முடிவு, மேடம். தவறான முடிவு என்றால் எனக்கு ஆகாது. சோறு இறங்கவில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் கடையைச் சாத்திவிட்டு வந்தேன்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முதலில் அந்த மாத்திரை என்னவென்று சொல்கிறேன்.

நாம் ஏன் கிழமாகிறோம்? ஓடி ஓடித் தேய்ந்துபோகிறோம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. தேய்ந்ததைச் சரிசெய்யும் வேலையும் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. செல்லுக்குள் சேரும் குப்பையை அதுவே தின்று செரித்து, புதுசாகக் கட்டிக்கொள்ளும். வயது ஏற ஏற அந்த வேலை மந்தமாகிறது. நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். நூல் வரத்து நிற்காத வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு ஓட்டுவார்களே தவிர மாற்ற மாட்டார்கள். நூல் வராத வாரத்தில்தான் தறியைப் பிரித்து, கயிறு மாற்றி, பலகையைச் செதுக்குவார்கள். உடம்பும் அப்படித்தான். சாப்பாடு ஏராளமாக வந்தால் வளர்ச்சி, குறைந்தால் பராமரிப்பு. இரண்டில் எது என்று முடிவு செய்ய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு விசை இருக்கிறது. அரைவயிறு சாப்பாடு போட்ட எலிகள் அதிக நாள் வாழ்ந்தது இதனால்தான் என்று சொல்கிறார்கள்.

எங்கோ கடல் நடுவில் இருக்கும் ஒரு தீவின் மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அதிலிருந்து எடுத்த மருந்து அந்த விசையைத் தணித்துவிடுகிறது. வயிறு நிறைந்திருக்கும்போதே செல்லை ஏமாற்றிப் பராமரிப்பு வேலைக்கு அனுப்பிவிடும். சிரோலிமஸ் என்று பெயர். கிட்னி மாற்றியவர்களுக்கு, வந்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க டாக்டர்கள் எழுதித் தருவார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிழட்டு எலிக்குக் கொடுத்தபோதுகூட ஆயுள் கூடியது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன், மேடம். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஆண்கள் அறுபதைப் பார்த்ததில்லை. அப்பா பார்க்கவில்லை, சித்தப்பா பார்க்கவில்லை. அண்ணன் யேசுதாஸ், அவன் பெயருக்கு ஒரு கதை உண்டு, இப்போது வேண்டாம், அவனும் பார்க்கவில்லை. எனக்கு இப்போது ஐம்பத்தேழு. செத்துப்போக எனக்குப் பயம். எல்லாருக்கும் பயம்தான், ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எலி மனுஷனில்லை. மனுஷனுக்கு இந்த மருந்து ஆயுளைக் கூட்டும் என்று இதுவரை யாரும் காட்டவில்லை. காட்டுவதும் லேசான காரியமில்லை. எலி இரண்டு மூன்று வருஷத்தில் முடிந்துவிடும், விடை தெரிந்துவிடும். மனுஷனிடம் விடை வருவதற்குள் ஆராய்ச்சி செய்கிறவன் முடிந்துவிடுவான். அதுவும் ஒருவருக்குக் கொடுத்து, அவர் நன்றாக இருந்தார் என்றால் போதாது. கொடுக்காவிட்டால் எப்படி இருந்திருப்பார்? அதற்கு அதே மாதிரி இன்னொரு ஆள் வேண்டும். அதே ரத்தம், அதே வயது, அதே சோறு, அதே வேலை. உலகத்தில் எத்தனை பெரிய ஆராய்ச்சிக்கூடமாக இருந்தாலும் அப்படி இரண்டு பேர் கிடைப்பது அபூர்வம்.

எனக்கு எதிர் வீட்டிலேயே கிடைத்தார்கள்.

தினகரனும் கண்ணாயிரமும் இரட்டையர். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தலைச்சுழி முதல் கால் சுண்டுவிரல் வரை ஒன்று. அப்பா வழிப் பாட்டன் பெயர் ஒருவருக்கு, அம்மா வழிப் பாட்டன் பெயர் மற்றவருக்கு. வாத்தியார் இரண்டு பேரையும் சேர்த்தே அடிப்பார், யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாததால். வளர்ந்த பிறகும் பிரியவில்லை. கோர்வைச் சேலைக்கு, உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக வருமே, அதற்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். தம்பி நடுவில், அண்ணன் பக்கத்தில். விடிந்தால் தறி, பொழுது சாய்ந்தால் சோறு. தினகரன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்ணாயிரத்தின் மனைவி லோகாம்பாள் ஒரே சட்டியில் ஆக்கி இரண்டு பேருக்கும் போடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு இலவச முகாமில் இரண்டு பேருக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஒரே ரத்தமல்லவா, வந்தால் இரண்டு பேருக்கும்தான் வரும். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். மாதாமாதம் போய் வரிசையில் நிற்க வேண்டும். கோர்வைத் தறியில் ஒருவர் எழுந்தால் மற்றவரும் சும்மா உட்கார வேண்டியதுதான். கண்ணாயிரம் கடைக்கு வந்து சொன்னார், "டேய் மாணிக்கம், அங்க போனா ஒரு நாள் தறி நின்னு பூடுதுடா. நீயே குட்த்துடேன், உன் கையால குட்த்தா எனக்கு நல்லா கேக்குது."

எங்கள் தெருவில் இது வழக்கம். மாத்திரையின் பெயரை யாரும் பார்ப்பதில்லை. நான் அட்டையைக் கத்தரித்து, காலைக்கு இது, ராத்திரிக்கு இது என்று பொட்டலம் மடித்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொள்வார்கள். அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் சம்பாதித்திருக்கிறேன், மேடம், சும்மா வரவில்லை. கொரோனாக் காலத்தில் நான் கடையை மூடவே இல்லை, கேட்டுப் பாருங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதை நானாக முடிவு செய்யவில்லை. அப்படிச் செய்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும். மனசு ஒருவர் பக்கம் சாயும். குலுக்கிப் போட வேண்டும், அதுதான் முறை. பொங்கலுக்குக் கடையில் பரிசுக் குலுக்கல் என்று சொல்லி இரண்டு சீட்டு மடித்து வைத்தேன். முதலில் எடுத்தவர் கண்ணாயிரம். வெறும் சீட்டு வந்தது. ஏமாந்துபோனார். ஆறுதலாக ஒரு தினசரி காலண்டர் கொடுத்தேன். சாமி படம் போட்டது, பெரிய அளவு.

அதன் பிறகு தினகரனுக்கு வாரம் ஒரு சிரோலிமஸ். சத்து மாத்திரை என்று சொன்னேன். தினசரி சர்க்கரை மாத்திரையும் உண்டு. வாயில் அவ்வப்போது புண் வந்தது. அது அந்த மருந்தின் குணம், எதிர்பார்த்ததுதான். அதற்கும் மருந்து கொடுத்தேன். அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

கண்ணாயிரத்துக்கு என்ன கொடுத்தேன் என்று கேட்கிறீர்கள். எதுவுமே கொடுக்கவில்லை, மேடம். விஷமா, கெட்ட மருந்தா, ஒன்றுமில்லை. பொட்டலத்தில் இருந்தது வெறும் வைட்டமின்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறீர்கள். சொல்கிறேன். அந்தச் சர்க்கரை மாத்திரை இருக்கிறதே, அதுவே முதுமையைத் தள்ளிப்போடுமோ என்று பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நிச்சயமில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது. அதைக் கண்ணாயிரத்துக்கும் கொடுத்திருந்தால் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் தெரியும்? ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை என்று வைத்தால்தான் கணக்கு சுத்தமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரையும் கடைக்குக் கூப்பிடுவேன். பிரஷர் பார்ப்பேன், கைப்பிடி வலுவைப் பார்ப்பேன், ஒரே வெளிச்சத்தில் முகத்தைப் போட்டோ எடுப்பேன். விரல் நுனியில் குத்திச் சர்க்கரையும் பார்ப்பேன். காசு வாங்கியதில்லை. கண்ணாயிரத்தின் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. "எப்டிடா இருக்குது?" என்பார். நன்றாக இருக்கிறது என்பேன். பயமுறுத்தினால் சோற்றைக் குறைத்துவிடுவார், சோறு குறைந்தால் அதுவும் ஒரு வித்தியாசமாகிவிடும்.

முதலாம் வருஷ முடிவிலேயே தெருவில் போகிறவர்கள் அடையாளம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து வருஷமாக யாராலும் முடியாதது. தினகரன் அப்படியே இருந்தார், கண்ணாயிரத்தின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அண்ணன் யார் தம்பி யார் என்று கேட்டவர்கள், அப்பா யார் மகன் யார் என்று கிண்டல் செய்தார்கள். கண்ணாயிரமும் சேர்ந்து சிரிப்பார்.

லோகாம்பாள் சிரிக்கவில்லை. மதியம் கடையில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். கதவோரம் நின்று, தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிச் சோறுதான் போட்டுக்கினு இருக்குறேன். இவரு மட்டும் உருகிக்கினே போறாரு. அவரு கல்லு மாதிரி இருக்குறாரு. எனுக்கு என்னவோ சந்தேகமா இருக்குது. அவருதான் இவருக்கு மருந்து வச்சிட்டாரு."

பாட்டன் வீட்டில் பங்கு, அதற்காகத் தினகரன் சோற்றில் எதையோ வைத்துவிட்டார் என்பது அவள் எண்ணம். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? படிக்காதவள், கருவி இல்லாதவள், வித்தியாசத்தை வெறும் கண்ணால் பார்த்துவிட்டாள். என் ஆராய்ச்சியின் முதல் முடிவை வாய்விட்டுச் சொன்னது அவள்தான். ஆனால் அந்தச் சந்தேகம் எனக்குத் தலைவலியாகவும் ஆனது. அன்றிலிருந்து தினகரனை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. அவர் தட்டைத் தனியாக வைத்தாள். தம்பியின் தண்ணீர்ச் சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு போய்க் கொடுத்தாள். தினகரன் கிளப்புக்கடையில் பரோட்டா தின்ன ஆரம்பித்துவிட்டார். எண்ணெயும் மைதாவும். இரண்டு பேருக்கும் ஒரே சோறு என்பதுதானே என் அஸ்திவாரம்? தலையில் அடித்துக்கொண்டேன். நானே வீட்டுக்குப் போய் லோகாம்பாளிடம் நயமாகப் பேசினேன். கூடப்பிறந்தவன் அப்படிச் செய்வானா, பழையபடி ஒன்றாகப் போடம்மா என்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். தினகரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நாங்க பிரிஞ்சி பூட்டிருப்போம்பா" என்றார்.

இந்தத் தை முகூர்த்தத்துக்கு நூல் வரத்து நிற்கவே இல்லை. தறியைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. தறிக்குக் கீழே காலை இறக்கி மிதிக்கும் குழியில், மிதிபலகையில் மரச்சிலாம்பு எழும்பியிருந்தது. கண்ணாயிரத்தின் பாதத்தில் ஏறிவிட்டது. அவருக்கு அது தெரியவே இல்லை. சர்க்கரை நெடுநாள் அதிகமாக இருந்தால் பாதம் மரத்துப்போகும். குழிக்குள் இருக்கும் காலை வேறு யார் பார்க்கப்போகிறார்கள்? நாற்றம் வந்த பிறகுதான் லோகாம்பாள் பார்த்து, சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு அழைத்து வந்தாள்.

நான் பார்த்தேன். என்னவென்று எனக்குத் தெரிந்தது. அதை நான் மறைக்கவில்லை. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் கால் போயிருக்கலாம், ஆள் இருந்திருப்பார். ஆனால் அங்கே போனதும் முதல் வேலையாக இன்சுலின் போடுவார்கள். அதோடு எல்லாம் முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் வருஷ அளவெடுப்பு. இன்னும் நான்கே நாள். கழுவிக் கட்டுப்போட்டு, சின்னக் காயம்தான், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனாலும் போட்டோவுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன். அன்றைக்கு ராத்திரியே அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், காப்பாற்ற முடியவில்லை.

அந்த நான்கு நாளுக்குள் தினகரன் ஒரு காரியம் செய்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். தம்பியின் மாத்திரை தம்பிக்குக் கேட்கவில்லை, தன்னுடையது தனக்கு நன்றாகக் கேட்கிறது என்று நினைத்து, தன் பொட்டலத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியுடையதைத் தான் போட்டுக்கொண்டிருக்கிறார். தாய் வயிற்றிலிருந்து எல்லாவற்றையும் பங்குபோட்டுப் பழகியவர்கள் இதை மட்டும் விட்டுவைப்பார்களா? நான் யோசித்திருக்க வேண்டும். இரண்டு வருஷ உழைப்பு, மேடம். வயிறு எரிகிறது. கடைசிச் சில நாள் கண்ணாயிரம் கொஞ்சம் தெளிவாகப் பேசினார், தாகம் குறைந்தது என்று லோகாம்பாள் சொன்னாளல்லவா? அந்தப் பொட்டலத்தில் இருந்த சர்க்கரை மாத்திரையால்தான். இரண்டு வருஷத்தில் அவர் வாயில் போட்ட முதல் சர்க்கரை மாத்திரை அது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டபோது தினகரன் தன் பொட்டலத்தை நீட்டியிருக்கிறார். அதில் சிரோலிமஸைப் பார்த்ததும் டாக்டருக்குச் சந்தேகம், உங்களுக்குச் சந்தேகம், லோகாம்பாளுக்கு எப்போதோ வந்த சந்தேகம். எல்லாம் சேர்ந்து தினகரன் தலையில் விழுந்துவிட்டது. என்னிடம் வாங்கியதாக அவர் சொல்லவே இல்லை என்று கேள்விப்பட்டேன். என்னைக் காப்பாற்றுகிறாராம், பாவம்.

இப்போது நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மருந்து கண்ணாயிரத்தைக் கொல்லவில்லை. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், புண்ணைச் சீக்கிரம் ஆறவிடாது, அதெல்லாம் உண்டு. நானே கூட்டங்களில் சொல்வேன். ஆனால் அவர் போட்டது ஒரே ஒரு சிரோலிமஸ், அதுவும் கால் அழுகிய பிறகு. அவரைக் கொன்றது சர்க்கரை. சர்க்கரையை இரண்டு வருஷம் ஏறவிட்டது நான். மருந்து இருக்கிறது என்று நம்பவைத்து இல்லாமல் வைத்திருந்ததும் நான், தெரிந்தே நான்கு நாள் காக்கவைத்ததும் நான். மருந்தின் மேல் பழியைப் போட்டு நாளைக்குப் பேப்பரில் எழுதிவிட்டால், முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து ஆளைக் கொன்றது என்று ஊரெல்லாம் பயந்துவிடும். அது நியாயமில்லை. தினகரனை அனுப்பிவிடுங்கள். அவருக்கு மருந்தை இனித் தொடர வேண்டியதில்லை. ஒப்பிடுவதற்கு ஆள் இல்லை.

இதெல்லாம் மனுஷ குலத்துக்காகச் செய்தது. என் வீட்டு ஆண்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்று செய்தது. கண்ணாயிரம் என் சிநேகிதர். அவர் போனதில் எனக்கு வருத்தம் இல்லையென்று நினைக்காதீர்கள்.

என்ன கேட்டீர்கள்? "உங்களுக்கும் அதே வயசுதானே சார், நீங்க அந்த மாத்திரையைப் போடுறீங்களா?" என்றா?

நல்ல கேள்வி, கூட்டத்தில் எப்போதும் யாராவது கேட்பார்கள். இல்லை, மேடம். ஒன்றுகூடப் போட்டதில்லை. மனுஷனிடம் இன்னும் நிரூபிக்கப்படாத மருந்து அது. யாராவது தன் உடம்பில் போய்ச் சோதித்துப் பார்ப்பார்களா?